அணிகருவியும் அடிக்கணக்கும்

கைக்கடிகாரம் நேரங்காட்டுவதோடு நின்ற காலம் கழிந்தது. இன்று அது அணிந்தவரின் அடிகளையும் நாடித்துடிப்பையும் உறக்கத்தையும் கணக்கிடுகின்றது. இவற்றுள் மக்கள் மனத்தைப் பெரிதும் பற்றியது அடிக்கணக்கே. நாளொன்றுக்கு 10,000 அடி நடத்தல் பலர்க்கு நோன்பாகிவிட்டது. உறங்குமுன் எண் நிறையாதிருப்பக் கண்டு, வீட்டினுள்ளேயே உலாவி அதனை நிறைப்போரும் உளர்.

இவ்வெண் எங்ஙனம் பிறந்தது? 1964ஆம் ஆண்டு தோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடைபெற்றன. அதனையடுத்து, 1965இல், யப்பானிய நிறுவனமொன்று இடுப்பில் அணியும் அடியளவி ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் பெயர் மன்போ-கேய். ‘பதினாயிரம் அடி அளவி’ என்பது பொருள். நினைவில் எளிதில் நிற்கும் முழுவெண்ணாதலின் நடைப்பயிற்சிக் கழகத்தார் அதனை ஏற்றனர். விற்பனைப் பெயராகத் தோன்றிய அவ்வெண்ணே பின்னெழுந்த கருவிகள் பலவற்றிலும் இலக்காக அமைந்தது.

2019இல் அமெரிக்காவில், ஏறத்தாழ 17,000 முதிய பெண்களைப் பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. நாளொன்றுக்கு 2,700 அடியளவில் நடந்தோரினும் 4,400 அடியளவில் நடந்தோரிடை இறப்பு வீதம் குறைந்திருந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் அக்குறைவு மேலும் வளரவில்லை.

ஆகவே 5,000 அடி நடந்த மூதாட்டி, கருவி காட்டும் குறையெண்ணைக் கண்டு வருந்த வேண்டுவதில்லை. எண்ணைக் காணும் ஆவல் சோம்பியிருப்போரை எழுப்பவல்லது. அஃதே இக்கருவியின் பெரும்பயன். எவ்வளவு நடந்தார் என்பதைக் கருவி கூறும். எவ்வளவு போதும் என்பதை அவரவர் வயதும் உடல்நிலையுமே கூறவேண்டும்.