நினைவில் ஓடும் ‘ஒளியும் ஒலியும்’

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஐம்பத்தைந்து வயதைக் கடந்த தொழிலாளர்களிடம் பழைய தொலைக்காட்சியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டவர் ‘ஒளியும் ஒலியும்’ என்பார். வடமாநிலத்தவர் ‘சித்ரஹார்’ என்பார். இரண்டும் தூரதர்ஷனின் திரைப்பாடல் நிகழ்ச்சிகளே. பாடல்கள் வேறு, மொழி வேறு. முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி மட்டும் ஒன்றாக இருப்பது ஏன்?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அதன் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. எனவே சென்னைக்கு வடக்கே உள்ள கும்மிடிப்பூண்டியில் கூரை ஆண்டெனாக்கள் தெற்கு நோக்கின. மேற்கே உள்ள திருவள்ளூரில் கிழக்கு நோக்கின. பெட்டி உள்ள வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை தெருவே கூடும்.

நாற்பது வயதைக் கடந்தவர்களின் வாழ்க்கை நினைவுகளை உளவியலார் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகளே மிகுதியாக இருக்கக் கண்டனர். இதனை ‘நினைவு மேடு’ எனலாம். அப்பருவத்தில் பல அனுபவங்கள் முதன்முறையாக நேர்கின்றன. ‘நான் யார்’ என்ற எண்ணமும் உருவாகிறது. அவற்றோடு சேர்ந்த பாடல் ஒன்று பின்னாளில் காதில் விழுந்தால், அக்கால வீடும் மனிதரும் நினைவில் எழுகின்றனர். 1688-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான்னஸ் ஹோஃபர் இத்தகைய ஏக்கத்தை நோய் என்றே கருதினார். அது தனிமையைத் தணித்து மனத்துக்கு ஊக்கம் தரக்கூடும் என்பது இன்றைய ஆய்வுகளின் முடிவு.

ஆனால், நினைவு ஒளிப்பதிவு அன்று. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை அதைப் புதிதாகக் கட்டி எழுப்புகிறது. ஆகவே இனிய பாட்டு நிற்கிறது. ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டையைப் பார்த்துக் காத்திருந்த சலிப்பு மங்குகிறது.

அப்படியானால் உண்மைப் பதிவு எங்கே? அக்கால ஒளிநாடாவில் காந்தத்தன்மை கொண்ட ஆக்சைடுத் துகள்கள் பூசப்பட்டிருந்தன. துகள்களின் காந்த அமைப்பை மாற்றிப் பழையதை அழித்து, புதியதைப் பதியலாம். நாடா விலை மிகுந்தது, ஆகவே பி.பி.சி. போன்ற நிறுவனங்களே பல நிகழ்ச்சிகளை அழித்துவிட்டன. அவ்வாறு அழிந்த நிகழ்ச்சிகளுக்குப் பார்த்தவர் நினைவும் ஒரு சான்று.

எனவே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். இருவரைக் கேட்பதானால் தனித்தனியே கேளுங்கள். சேர்ந்து பேசினால் ஒருவர் நினைவு மற்றவர் நினைவை மாற்றிவிடும். தனியே சொன்ன இரண்டும் ஒத்திருந்தால் அதன் நம்பகம் கூடும்.