கண்புரை சிகிச்சைக்குப் பின் கண்ணாடியே வேண்டாமா?

கண்புரை அறுவை சிகிச்சையில் பல்குவிய வில்லை பொருத்திக்கொண்டால் மூக்குக் கண்ணாடிக்கு விடை கொடுத்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால், பார்வையின் தெளிவு வில்லையை மட்டும் பொறுத்ததல்ல.

சாதாரண வில்லை ஒரு குறிப்பிட்ட தூரத்திற்குத்தான் தெளிவு தரும். பல்குவிய வில்லையோ, கண்ணுக்குள் வரும் ஒளியைத் தூரத்திற்கும் கிட்டத்திற்குமாகப் பங்கிடுகிறது. அதனால் மங்கலான வெளிச்சத்தில் தெளிவு சற்றுக் குறையும். இரவில் கார் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் தெரியலாம். இரவில் வாகனம் ஓட்டுவோர் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

விழித்திரை நலமாக இருப்பது மிக முக்கியம். நீரிழிவு நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த வில்லை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. ஆகவே, விழித்திரைப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது.

கண் வறட்சி, கருவிழி வளைவின் கோளாறு, வில்லை நடுவிலிருந்து விலகுதல் ஆகியவையும் பார்வையைக் கெடுக்கும். வில்லையைத் தாங்கும் மெல்லிய உறை பின்னாளில் மங்கினால் லேசர் மூலம் சரிசெய்யலாம்.

புதிய பார்வைக்கு மூளை பழகச் சில மாதங்கள் பிடிக்கும். பொறுமை வேண்டும்.

கூடுதல் பணம் கட்டிக் கையொப்பமிடுமுன், "என் கண்ணுக்கு இது பொருந்துமா?" என்று தயங்காமல் கேளுங்கள். பொருந்தாத கண்ணுக்கு சாதாரண வில்லையும் ஒரு வாசிப்புக் கண்ணாடியுமே நல்ல பார்வை தரும்.