பூசணியா, பரங்கியா? உணவுத் தாளில் உள்ளது எந்தக் காய்?

“பூசணிக்காய் சேர்த்துக்கொள்ளலாம்” என்று உணவுத் தாளில் எழுதிக் கொடுக்கிறோம். அதை வீட்டிற்கு எடுத்துச் செல்பவர் எந்தக் காயை வாங்குவார்? மூங்கில்துறைப்பட்டிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பூசணி என்றால் பெரும்பாலும் சாம்பல் பூத்த வெண்பூசணியே. உள்ளே மஞ்சளாக இருப்பது பரங்கி. கல்வராயன் மலையைத் தாண்டி மேற்கே கொங்கு நாட்டிற்குச் சென்றால் அந்த மஞ்சள் காய்க்கு அரசாணிக்காய் என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்தில் அதுவே பூசணி. வெண்பூசணி அங்கே தடியங்காய். திருமண உறவாலும் பணியாலும் பல ஊரார் கலந்து வாழும் இந்நாளில், ஒரே சொல் இரு வீடுகளில் இரு காய்களைக் குறிக்கிறது. சிறுநீரக நோயாளிக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. ஆகவே, தாளில் உள்ள பெயரோடு நில்லாமல், “வெள்ளையா, மஞ்சளா?” என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பரங்கிக்காய்

இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே நம் நாட்டிற்கு வந்தது; பரங்கியர் கொணர்ந்த காய் என்பதைப் பெயரே சொல்கிறது. வந்த காய் நம்முடையதாகவே ஆகிவிட்டது. பொங்கலன்று குழம்பிலும், மார்கழியில் அதன் பூ கோலத்து நடுவிலும் இடம்பெறுகின்றன. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் 7, 8 கிலோ வரை எடை கொண்டது; கோ 2 ரகம் 1.5 முதல் 2 கிலோ வரையிலான சிறு காய். சிறு குடும்பத்திற்கு இத்தகைய சிறிய காய் ஏற்றது; அறுத்து வைத்து வீணாக்க வேண்டியதில்லை.

மஞ்சள் நிறத்திற்குக் காரணமான பீட்டா கரோட்டின், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்தால் அது நன்கு உட்கிரகிக்கப்படும். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு இணை உணவாக வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். நாள்தோறும் மிகுதியாக உண்டால் உள்ளங்கை மஞ்சளாகலாம், அதனால் தீங்கில்லை. கண்ணின் வெள்ளைப் பகுதியும் மஞ்சளானால் அது காமாலையின் அறிகுறி. உடனே மருத்துவரிடம் வாருங்கள்.

சர்க்கரை நோயாளிகள் பரங்கியை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. 100 கிராம் காயில் ஏறத்தாழ 6.5 கிராம் மாவுச்சத்தே உள்ளது. வெல்லம் சேர்த்துப் பச்சடியாகவோ பாயசமாகவோ செய்வதுதான் சர்க்கரையை ஏற்றும்.

வெண்பூசணி

நீர்ச்சத்து மிகுந்த இக்காய் மோர்க்குழம்பிற்கும் கூட்டிற்கும் உரியது. வயிற்றுக்கு இதமானது, எண்ணெயும் காரமும் குறைத்துச் சமைக்க வாய்ப்பானது. ஆனால் இதே காயில் செய்யும் காசி அல்வா முழுக்கச் சர்க்கரை என்பதை மறவாதீர். இதய நோய்க்கோ டயாலிசிஸ் சிகிச்சைக்கோ நீர் அளவு வரையறுக்கப்பட்டவர்கள், பூசணிச் சாற்றையும் மோர்க்குழம்பையும் அன்றாட நீர்க்கணக்கில் சேர்க்க வேண்டும்.

திருஷ்டிக்காக உடைப்பதும் இக்காயைத்தான். ஆயுத பூஜையன்று சாலையில் சிதறிய துண்டுகளில் இருசக்கர வாகனங்கள் சறுக்கிக் கைகால் முறிவதுண்டு. ஓரமாக உடைத்து, உடனே அள்ளிவிடுங்கள்.

சிறுநீரக நோயாளிகளுக்கு

பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது: 100 கிராம் பச்சைப் பரங்கியில் சுமார் 340 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது, சுரைக்காயில் சுமார் 150 மில்லிகிராம்தான். பரங்கி உண்ண அனுமதி இருந்தால், சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். பொட்டாசியம் ஓரளவு குறையும்; முழுதும் நீங்காது. சத்து மிக்கதென்று இப்போது பலரும் கொறிக்கும் பரங்கி விதையில் பொட்டாசியமும் பாஸ்பரசும் மிகுதி. மருத்துவரைக் கேளாமல் உண்ணாதீர்.

கசக்கும் சுரைக்காயை எறிந்துவிடுங்கள்

சுரைக்காய் எளிதில் செரிக்கும் நல்ல காய். ஆயினும் சில காய்களில் குக்குர்பிட்டசின் என்னும் கசப்பு நச்சு மிகுந்துவிடும். வெளித்தோற்றத்தில் அது தெரியாது, சமைத்தாலும் அழியாது. கசந்த சுரைச் சாற்றைக் குடித்தவர்களுக்குக் கடும் வயிற்றுவலி, வாந்தி, இரத்த வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை ஏற்பட்டுள்ளன, உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. இதற்கு மாற்று மருந்து இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழு இதை ஆராய்ந்து, 2012ஆம் ஆண்டில் எச்சரிக்கைகளை வெளியிட்டது. அவற்றின் சாரத்தை நாங்களும் வலியுறுத்துகிறோம்:

• நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் முழுக் காயையும் எறியுங்கள்.
• சுரைச் சாற்றோடு பாகற்காய் போன்ற கசப்புச் சாறுகளைக் கலக்காதீர். சுரையின் கசப்பு மறைந்துபோகும். பாகற்காய்க்குக் கசப்பு இயல்பு; சுரைக்கு அது அபாய அறிகுறி.
• “மருந்துதானே, கசக்கத்தான் செய்யும்” என்று பெரியவர்களை வற்புறுத்திக் குடிக்க வைக்காதீர்.
• குடித்தபின் வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால் கைவைத்தியம் செய்து காத்திராமல், 108ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரையுங்கள். சுரைச் சாறு குடித்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உணவுத் தாளும் அப்படித்தான். அதைப் படித்துச் சமைப்பவருக்குக் காய் எதுவென்று தெரிந்தால்தான் பயன் தரும். அடுத்த முறை வரும்போது, வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள். உங்கள் ஊரில் காய்க்கு என்ன பெயரோ, அதையே தாளில் எழுதித் தருகிறோம்.