சாட்டையின் கணக்கு

நமது சங்க மலருக்கு ஆண்டுதோறும் பழைய சமணத் தமிழ் நூல்களைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். இந்த வருஷம் மலர்க்குழு நண்பர் ஒருவர் சாலைக் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, ஏட்டை விட்டு ஒரு தடவை நாட்டு நடப்புக்கு வாங்களேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். எதை எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது விஷயத்தை எடுத்துக் கொடுத்தவன் என் பேரன்.

அவன் தொலைக்காட்சியில் ஒரு வெளிநாட்டுக் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயித்த குதிரையை ஓட்டிய ஜாக்கி அளவுக்கு மீறிச் சாட்டையால் அடித்தாராம். அதனால் சில நாள் குதிரை ஏறக் கூடாது என்று தண்டனையாம். "தாத்தா, ஜெயிச்சதுக்குப் பரிசும் கொடுக்கிறாங்க, ஜெயிக்கிறதுக்காக அடிச்சதுக்குத் தண்டனையும் கொடுக்கிறாங்க. இது என்ன நியாயம்?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் திருவனந்தபுரத்தில் பந்தயத் திடல் கிடையாது. நமக்குத் தெரிந்த குதிரைகள் இரண்டு வகை. ஒன்று, காலையில் சாலையோரமாக நடந்து போகும் போலீஸ் குதிரைகள். மற்றொன்று, கோட்டைக்குள் சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய குதிரை மாளிகையில், கூரையின் கீழே வரிசையாக நிற்கும் 122 மரக் குதிரைகள். பந்தயக் குதிரையைப் பார்க்க நம்மவர்கள் சென்னைக் கிண்டிக்கோ, ஊட்டிக்கோ, பெங்களூருக்கோதான் போயிருப்பார்கள். எனவே முதலில் சாட்டை எதற்கு என்பதிலிருந்து தொடங்குவோம்.

சாட்டை எதற்கு?

ஜாக்கிகள் சொல்லும் காரணங்கள் இரண்டு. ஒன்று பாதுகாப்பு. ஐந்நூறு கிலோ அளவுக்கு எடையுள்ள குதிரை முழு வேகத்தில் போகும்போது பக்கவாட்டில் சாய்ந்தால், தோளில் ஒரு தட்டு தட்டி நேராக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக் குதிரையோடு மோதி இரண்டும் விழும். மற்றொன்று ஊக்கம். கடைசி இருநூறு, முந்நூறு மீட்டரில் களைத்த குதிரையிடமிருந்து மிச்சமிருக்கும் வேகத்தைப் பிழிந்தெடுப்பது. முதல் காரணத்தில் யாருக்கும் பெரிய தகராறு இல்லை. தகராறெல்லாம் இரண்டாவதில்தான்.

அந்த இரண்டாவது காரணத்தை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். பிரிட்டனில் ஊக்கத்துக்குச் சாட்டையைப் பயன்படுத்தாமல் கையாலும் குதிகாலாலும் மட்டுமே ஓட்டும் பந்தயங்கள் உண்டு. அவற்றையும் சாட்டை அனுமதித்த பந்தயங்களையும் சேர்த்து 126 பந்தயங்களை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓடிய நேரத்திலும் வித்தியாசமில்லை; குதிரைகள் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்ததிலும் வித்தியாசமில்லை. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு குதிரையின் தோலை மனிதத் தோலோடு வைத்துப் பார்த்தது. வலியை உணரும் மேல்தோலின் கனத்திலும் நரம்பு முனைகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. "குதிரைக்குத் தோல் தடிப்பு, அதற்கு வலிக்காது" என்று நாம் சொல்லி வந்த சமாதானம் அதோடு போயிற்று.

எண்ணிக்கை விதிகள்

நார்வே நாடு 1982-லேயே ஊக்கத்துக்காகச் சாட்டை அடிப்பதைத் தடுத்துவிட்டது. பிரிட்டன் எண்ணிக்கை வைத்தது. 2011 அக்டோபரில், சமதளப் பந்தயத்தில் 7 அடி, தடை தாண்டும் பந்தயத்தில் 8 அடி என்று வரம்பு வந்தது. மீறினால் தடை, அதோடு ஜாக்கிக்கு வரவேண்டிய பரிசுப் பங்கும் போய்விடும் என்றார்கள். ஜாக்கிகள் கொதித்தெழுந்தார்கள். ரிச்சர்ட் ஹியூஸ் என்ற முன்னணி ஜாக்கி தன் உரிமத்தையே திருப்பிக் கொடுத்தார். சில வாரங்களில் விதிகள் தளர்ந்தன. 2023-ல் மறுபடி இறுக்கினார்கள்: சமதளத்தில் 6, தடை தாண்டுவதில் 7. கையைத் தோளுக்கு மேல் ஓங்கக் கூடாது. ஓர் அடிக்குக் குதிரை பதில் சொல்ல அவகாசம் கொடுக்காமல் அடுத்த அடி கூடாது. சாட்டையும் பழைய தோல் சாட்டை அல்ல. அடியின் வேகத்தை உள்வாங்கும் மெத்தை வைத்தது.

இந்தியாவிலும் மும்பை, கொல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத், சென்னை என்று ரேஸ் கிளப்புகளுக்குச் சொந்த விதிகளும் அவற்றை நடத்தும் ஸ்டூவர்டுகளும் உண்டு. பந்தயம் முடிந்ததும் பல கோணங்களில் எடுத்த படத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். குதிரையின் உடம்பில் தழும்பு இருக்கிறதா என்று கால்நடை மருத்துவர் பார்ப்பார். பிறகு ஜாக்கியைக் கூப்பிட்டு விசாரித்து, அபராதமோ சில பந்தய நாட்களுக்குத் தடையோ விதிப்பார்கள்.

இங்கே ஒரு சங்கடத்தைக் கவனிக்க வேண்டும். அதே விதிப் புத்தகத்தில் இன்னொரு கட்டளையும் உண்டு: குதிரையை அதன் முழுத் திறமைக்கும் ஓட்ட வேண்டும். பந்தயத்தில் பணம் கட்டியவர்களை ஏமாற்றக் கூடாது என்பதற்கான கட்டளை அது. ஆகவே நூலிழையில் தோற்ற ஜாக்கியை அதே ஸ்டூவர்டுகள் கூப்பிட்டு, "நீ ஏன் முழு முயற்சி எடுக்கவில்லை?" என்றும் கேட்கலாம். அடித்தால் ஒரு விசாரணை, அடிக்காவிட்டால் ஒரு விசாரணை. தோற்றால் குதிரைச் சொந்தக்காரர் அடுத்த தடவை வேறு ஆளை ஏற்றுவார். ஒவ்வொரு சவாரிக்கும் கூலி வாங்கிப் பிழைக்கிற மனிதன் எந்தப் பக்கம் சாய்வான் என்று வியாபாரிகளாகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அபராதமும் செலவும்

2011 ஏப்ரலில் லிவர்பூல் பக்கத்தில் உள்ள ஐன்ட்ரீ திடலில் கிராண்ட் நேஷனல் என்ற புகழ்பெற்ற பந்தயம் நடந்தது. பல்லாபிரிக்ஸ் என்ற குதிரை ஜெயித்தது. அதை ஓட்டிய ஜேசன் மகுவைர் சாட்டையை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினார் என்று ஐந்து நாள் தடை பெற்றார். ஆனால் வெற்றி வெற்றிதான். கோப்பை, பரிசுப் பணம், பந்தயம் கட்டியவர்களின் லாபம் எதுவும் மாறவில்லை. என் பேரன் கேட்ட கேள்வி இதுதான்.

நாற்பது வருஷம் கடையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். தப்பால் வரும் லாபம் கைக்கு வந்த பிறகு, அதில் ஒரு சிறு பங்கை அபராதமாகக் கட்டச் சொன்னால் அது தண்டனை ஆகாது. அது செலவு. வண்டி வாடகை, எடை கூலி மாதிரி பேரேட்டில் அதுவும் ஒரு வரி. லாபத்தைப் பிடுங்கினால்தான் தண்டனை.

2023-ல் பிரிட்டன் செய்த பெரிய மாற்றம் எண்ணிக்கையைக் குறைத்தது அல்ல. வரம்புக்கு மேல் நான்கு அடியோ அதற்கு அதிகமோ அடித்தால் குதிரையையே பந்தயத்திலிருந்து நீக்குவது என்று வைத்தார்களே, அதுதான் மாற்றம். அப்போது பரிசு போகிறது. சொந்தக்காரருக்கும் டிரெய்னருக்கும் உறைக்கிறது. ஜாக்கி குதிரை ஏறும்போது, "எப்படியாவது ஜெயிச்சுட்டு வா" என்று சொன்ன அதே வாய், "எண்ணி அடிப்பா" என்றும் சொல்ல வேண்டியதாகிறது.

மூன்று பேர்

இதைப் படித்தபோது, எங்கள் வீடுகளில் சிறுவயதில் சொல்லித் தரும் இல்லற விரதம்தான் நினைவுக்கு வந்தது. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது வரம்பு மீறல்களைச் சொல்கிறது. தமிழில் அருங்கலச்செப்பு பாடுகிற இல்லறத்தார் ஒழுக்கமும் இதே வழிதான். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்காத பாரம் ஏற்றுதல், தீனியும் தண்ணீரும் கொடாமல் நிறுத்துதல் ஆகியவை அந்த ஐந்து. மாடும் குதிரையும் வைத்துப் பிழைத்த இல்லறத்தானைக் கண்ணெதிரே நிறுத்திக்கொண்டு எழுதியது போல இருக்கிறது, பாருங்கள்.

அதே மரபு இன்னொன்றும் சொல்கிறது. ஒரு தீவினையில் மூன்று பேருக்குப் பங்கு உண்டு: செய்தவன், செய்வித்தவன், உடன்பட்டவன். பந்தயத் திடலில் இதைப் பொருத்திப் பார்த்தால், செய்தவன் ஜாக்கி, செய்வித்தவர்கள் சொந்தக்காரரும் டிரெய்னரும். உடன்பட்டவர்கள் வேலிக்கு வெளியே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு "அடி, அடி" என்று கத்துகிற நாம். ஸ்டூவர்டின் தண்டனை நெடுங்காலம் முதல் ஆளோடு நின்றது. குதிரையை நீக்கும் விதி இரண்டாவது ஆளைத் தொட்டது. பணம் கட்டினவரின் சட்டைப் பையையும் லேசாகத் தட்டியது. அவர் மனத்தைத் தொட எந்த விதியாலும் முடியாது.

ஒரு ரூபாய்

இதை ஊரார் குற்றமாக மட்டும் சொல்லிப் போக எனக்கு உரிமை இல்லை. எழுபதுகளின் நடுவில் எனக்குப் பதினைந்து வயது இருக்கும். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அப்பா சாலையில் பருப்பு, மிளகாய் வியாபாரம் செய்தார். ஒரு நாள் சாயங்காலம் ரயிலடியிலிருந்து மிளகாய் மூட்டைகளை ஒற்றை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. மிளகாய் நனைந்தால் பாதி விலை. "அண்ணே, மழைக்கு முன்னாடி சேர்த்துட்டா ஒரு ரூபா கூடத் தர்றேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தார்க்குச்சியை எடுத்தார். மழைக்கு முன்னாடி சேர்ந்துவிட்டோம். ஒரு மூட்டைகூட நனையவில்லை.

அப்பா வெளியே வந்து மூட்டைகளைப் பார்க்கவில்லை. மாட்டின் பின்பக்கத்தைப் பார்த்தார். ரத்தம் கசிந்திருந்தது. வண்டிக்காரர் மீது கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். உள்ளே போய்த் தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவந்து, அவர் கையில் கொடுத்துத் தடவச் சொன்னார். கூலியோடு அந்த ஒரு ரூபாயையும் கொடுத்து அனுப்பினார். பிறகு பேரேட்டை என் முன்னால் வைத்து, "வண்டிக் கூலி எழுதிட்டே. இந்த ஒரு ரூபாயை எந்தத் தலைப்பிலே எழுதப் போறே?" என்று கேட்டார். எனக்கு எழுத வரவில்லை. அவரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கோடு வெறுமையாகவே இருந்தது.

முள் வைத்த தார்க்குச்சியை மத்திய அரசின் பாரம் இழுக்கும் விலங்குகளுக்கான விதிகள் 1965-லேயே தடுத்திருந்தன என்று பின்னால்தான் படித்தேன். அதற்குத் தாய்ச் சட்டமான 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், நம் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பலன். நல்ல சட்டம்தான். ஆனால் மிருகத்தை அடித்து வதைத்த முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை என்று எழுதினார்கள். அன்றைக்கு 50 ரூபாய் என்றால் ஏறக்குறைய அரைப் பவுன் தங்கம், உறைத்திருக்கும். அறுபது ஆண்டு கடந்தும் அதே தொகை நின்றது. இன்றைக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது.

தமிழ்நாட்டில் 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்கு நீண்டு, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த விளையாட்டே என்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டுக்கு மேல் நடந்த அந்த வாதத்தின் மையம் மனிதனுடைய பணம் சூதில் போகிறதா என்பதுதான். குதிரையின் முதுகு அந்த வழக்கின் கேள்வி அல்ல.

பேரனுக்குக் கடைசியில் சொன்னது இதுதான்: "பரிசும் தண்டனையும் ஒண்ணா கொடுத்தா அது நியாயம் இல்லைப்பா. எந்த அடியாலே ஜெயிச்சாங்களோ அந்த ஜெயிப்பைத் திருப்பி வாங்கினாத்தான் நியாயம். அதுக்கு மேலே உள்ள நியாயம் பார்க்கிறவங்க கையிலே இருக்கு." அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அந்த ஒரு ரூபாயை அப்புறம் எழுதினீங்களா தாத்தா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். இந்தக் கட்டுரையில்தான் எழுதியிருக்கிறேன்.