நெகட்டிவுகளும் வீட்டு ஸ்கானரும்

அச்சுப் படங்கள் இடப்பெயர்வுகளில் தொலைந்த இல்லங்களில், பிஸ்கற் தகரத்துள் எஞ்சிய நெகட்டிவுகளே முன்னோர் முகங்களுக்குச் சாட்சி. அவற்றைக் கணினிக்கு மாற்ற ஸ்கானரொன்றை வாங்குவதா, கூலிகொடுத்துச் செய்விப்பதா என்பதே வினா.

முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தூசு தட்டிச் சட்டத்திற் பொருத்திப் பதிவுசெய்து திருத்தப் படமொன்றுக்கு 5 நிமிடம் எனக் கொண்டால், 1000 படங்களுக்கு 83 மணித்தியாலத்துக்கு மேற் செல்லும். கருவியின் விலையினும் இதுவே பெருஞ்செலவு.

அடுத்தது அளவு. 120 சுருளில் எடுத்த 6 சென்ரிமீற்றர் அகலப் படங்களுக்கு, மூடியில் விளக்குள்ள தட்டை ஸ்கானரே போதும். 35 மில்லிமீற்றர்ச் சுருளின் படமோ 24க்கு 36 மில்லிமீற்றர் மாத்திரமே. அங்குலத்துக்கு 2400 புள்ளிகள் மெய்யாகவே கிடைப்பின், ஏறத்தாழ 77 இலட்சம் புள்ளிகள் சேரும். மெய்யாகவே என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்கும் பல தட்டை ஸ்கானர்கள் தரும் நுணுக்கத்துக்கும் வெகுதூரம். இச்சிறு படங்கள் மிகுதியாயின், படச்சுருளுக்கெனவே அமைந்த ஸ்கானரை நாடுதல் நன்று.

அகச்சிவப்புக் கதிரால் கீறல் நீக்கும் வசதிக்கு மேலதிக பணங் கொடுப்போர், தம்மிடமுள்ளவை மரபான கறுப்பு வெள்ளைப் படங்களாயின் ஏமாறுவர். நிறப்படச் சாயம் அக்கதிருக்கு வழிவிடும், வெள்ளித்துகள் மறித்துவிடும்.

வினாகிரி மணம் வீசுஞ் சுருள்களுக்கோ இவ்வாராய்ச்சிக்கு அவகாசமில்லை. அவற்றின் அசற்றேற்றுத் தளம் சிதைகின்றது. வெப்பமும் ஈரலிப்பும் அதனை விரைவுபடுத்தும். அவற்றை ஏனையவற்றினின்று பிரித்து, தேர்ந்த நிலையமொன்றில் உடனே பதிவுசெய்வித்தலே தகும்.