குரல் என்னும் அமானிதம்



புதுவை முல்லா வீதிப் பகுதியில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளிவருகையில், தகப்பனார் ஒருவர் எம்மை நிறுத்தினார். "ஹஜ்ரத், என் மகனுக்கு அல்லாஹ் நல்ல குரலைக் கொடுத்திருக்கிறான். பாடகனாகவே ஆகவேண்டும் என்கிறான். நான் என்ன சொல்லட்டும்?" என்று வினவினார். ஆகும், ஆகாது என ஒரே சொல்லில் விடை பகர்ந்திருக்கலாம். ஆயின் எம் நினைவில் ஒருவருடைய வாழ்க்கை வந்து நின்றது. அவர்தாம் மர்ஹூம் நாகூர் இ. எம். ஹனீபா அவர்கள்.

நமது காரைக்காலுக்குத் தெற்கே எல்லையை ஒட்டியிருப்பது நாகூர். 1925 டிசம்பர் 25 அன்று பிறந்த ஹனீபா அவர்கள், இளம் வயதிலேயே திருமண வீடுகளில் பாடத் தொடங்கினார். கூட்டத்தின் கடைசி வரிசையையும் எட்டும் கம்பீரக் குரல் அது. 'இசைமுரசு' என்னும் பட்டம் அதற்குப் பொருத்தமாகவே அமைந்தது.

அக்குரலை அவர் எங்கே செலவிட்டார்? திராவிட முன்னேற்றக் கழக மேடைகளில் பாடினார்; தேர்தலில் நின்று தோற்றார்; சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும் வக்பு வாரியத் தலைவராகவும் இருந்தார். பாவமன்னிப்பு (1961), செம்பருத்தி (1992), ராமன் அப்துல்லா (1997) முதலிய திரைப்படங்களிலும் பாடினார். எனினும் திரையுலகம் அவருக்கு ஓர் ஓரமே. மக்கள் உள்ளத்தில் அவர் நின்றது இஸ்லாமிய கீதங்களால்தான். ரமலானின் ஸஹர் நேரத்தில் அவர் குரல் கேட்டுக் கண்விழித்த இல்லங்கள் எத்தனை! பாரிஸில் குடியேறிய நம் புதுவை, காரைக்கால் குடும்பங்களோடு அவ்வொலிநாடாக்களும் கடல் கடந்தன.

'இறைவனிடம் கையேந்துங்கள்' என்ற பாடலை அறியாதவர் உண்டா? அதை எழுதியவர் ஆர். அப்துல் சலாம். இயற்றியவர் பெயரை அறிந்தோர் சிலரே. பாடலையோ கோயில் வீதியில் வாழும் சகோதரரும் பாடுகிறார். பிற சமயத்தாரிடம் நாம் ஆயிரம் சொற்பொழிவுகளால் சொல்ல முயல்வதை ஒரு பாடல் சொல்லிவிட்டது.

கடல்களுக்கு அப்பாலும் ஒரு சான்று உண்டு. அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1966-இல் பிறந்த சினேட் ஓ'கானர், 1990-இல் ஒரே பாடலால் உலகப் புகழ் எய்தினார். ஆயினும் சந்தைக்கு இசைய அவர் தம் குரலை வளைக்கவில்லை. தேவாலய அமைப்புகளில் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை 1992-இல் தொலைக்காட்சியிலேயே கண்டித்து, பெரும் எதிர்ப்பைத் தாங்கினார். 2018-இல் இஸ்லாத்தைத் தழுவி, ஷுஹதா எனப் பெயர் பூண்டார். 2023-இல் காலமானார். புகழை இழப்பினும் மனச்சாட்சியை இழக்கலாகாது என்பதே அவ்வாழ்க்கை தரும் பாடம்.

இசைக்கருவிகள் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை இருப்பதை யாம் மறைக்கவில்லை. எம் உள்ளம் கருவியற்ற பைத்தையே நாடும். ஆயினும் ஒரு வரலாற்றை எண்ணிப் பாருங்கள். பாங்கின் சொற்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி). நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, அச்சொற்களைப் பிலால் (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுக்குமாறு பணித்தார்கள். அவருடைய குரல் நெடுந்தூரம் எட்டும் என்பதே காரணம். கனவு ஒருவருக்கு, குரல் ஒருவருக்கு! குரலும் தகுதியாகக் கருதப்பட்டது. அது நன்மையின்பால் அழைக்கும் பணியில் அமர்த்தப்பட்டது.

ஆகவே அத்தகப்பனாரிடம் யாம் கூறியது இதுதான்: "மகனைக் கடிந்து வாயடைக்காதீர்கள். முதலில் குர்ஆனைத் தஜ்வீதுடன் ஓதக் கற்றுக்கொடுங்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லப் பழக்குங்கள். பிறகு அவன் எதைப் பாட விழைந்தாலும், 'இக்குரல் மக்களை எதன்பால் அழைக்கிறது?' என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்."

2015 ஏப்ரல் 8 அன்று ஹனீபா அவர்களின் குரல் அடங்கியது. அமானிதத்தைக் கொடுத்தவனே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். நேயர்களே! நம் ஒவ்வொருவரிடமும் ஒரு நாவு இருக்கிறது. நாளை அதற்கும் கணக்கு உண்டு. அவர்தம் பிழைகளையும் நம் பிழைகளையும் வல்ல அல்லாஹ் மன்னித்தருள்வானாக! ஆமீன்.