போர்க்காலப் பெண்களும் சம ஊதியமும்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆண்கள் போர்முனைக்குச் சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற வேலைகளைப் பெண்கள் ஏற்றனர். கப்பல் கட்டும் தளங்களில் இரும்புத் தகடுகளைப் பற்றவைத்தனர். விமான எந்திரங்களைப் பொருத்தினர். வேலை ஒன்றாக இருந்தும் கூலி ஒன்றாக இல்லை. 1943ஆம் ஆண்டின் இறுதியில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு அருகிலிருந்த விமான எந்திரத் தொழிற்சாலையில் பெண்கள் சம ஊதியம் கேட்டு வேலைநிறுத்தமே செய்தனர்.

மலாயாவில் நிலைமை வேறு. 1941 டிசம்பர் 11இல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மீது குண்டு வீசின. 19ஆம் நாள் ஜப்பானியப் படை பினாங்கிற்குள் நுழைந்தது. அரிசி கிடைக்கவில்லை, தோட்டப்புறக் குடும்பங்கள் மரவள்ளிக்கிழங்கு நட்டுப் பசியாறின. ஆண்கள் பலர் சயாம்-பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. குடும்பச் சுமை முழுவதும் பெண்களின் தோள்களில் விழுந்தது.

இந்நிலையில், 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கும் தனிப் படை வேண்டும் என்றார். சென்னையில் மருத்துவம் பயின்ற டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படை உருவாயிற்று. அக்டோபர் 22இல் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சேர்ந்தவர்களுள் பலர் ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள். மரம் சீவும் கத்தியைப் பிடித்த கைகள் துப்பாக்கியைப் பிடித்தன. காற்சட்டை அணிந்து அணிவகுத்ததே அக்காலத்தில் பெரிய துணிச்சல்தான்! காயமடைந்த வீரர்களைப் பராமரிக்கவும் அவர்கள் கற்றுக்கொண்டனர்.

படையில் ஒரு பிரிவு பர்மா வரை சென்றது. 1945இல் இரங்கூனிலிருந்து பின்வாங்க நேர்ந்தபோது, வான்தாக்குதலுக்கு அஞ்சிப் பகலில் மறைந்திருந்து இரவில் நடந்தனர். போஸும் அவர்களுடன் நடந்தார்.

ராசம்மா பதினாறு வயதில் இப்படையில் சேர்ந்தவர். போருக்குப் பின் படிப்பைத் தொடர்ந்து, ராசம்மா பூபாலன் என்னும் பெயருடன் பினாங்கு மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியில் ஆசிரியரானார். அங்கேயும் அதே பழைய கணக்கு! ஒரே பாடத்தைக் கற்பித்தாலும் ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம். 1960இல் பெண் ஆசிரியர்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்து, அதன் தலைவராக அவர் போராடினார். கோரிக்கை மெல்ல மற்ற அரசு ஊழியர்களிடமும் பரவியது. 1969இல் அரசு, பொதுச் சேவையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம ஊதியம் என்னும் கொள்கையை ஏற்றுக்கொண்டது.